சுவர் வளைந்த கேம்

போனில் ஆடும் கேமில்தான் என் கண் கெடுவது முதலில் தெரிந்தது. தெரிந்தும் எனக்குப் புரியவில்லை. கேமை மாற்றி வரைந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

நான் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவன். ஏழாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. எழுதிப் பழக்கமில்லை. நான் சொல்கிறேன், மகள் எழுதுகிறாள். பெரம்பலூரில் காலேஜ் படிக்கிறாள். நான் பேசுகிறபடியே எழுதினால் நன்றாக இருக்காது என்று மாற்றி எழுதுகிறாள். ஆட்கள் பேசியதை மட்டும் பேசினபடியே விடச் சொன்னேன்.

எங்கள் தொழிலில் ஓட்டுகிற நேரம் கொஞ்சம். நிற்கிற நேரம்தான் அதிகம். சுரங்கத்தில் கல் ஏற்ற நிற்க வேண்டும். ஆலத்தியூரில் சிமெண்டு ஆலை வாசலில் எடை போட நிற்க வேண்டும். கொட்டுவதற்கு நிற்க வேண்டும். முன்னால் ஒரு வண்டி படுத்துக்கொண்டால் பின்னால் இருக்கிற எல்லோரும் நிற்க வேண்டும். முன்பெல்லாம் வண்டி நிழலில் துண்டு விரித்துச் சீட்டாடுவோம். போன் வந்த பிறகு ஆளுக்கொரு போனில் ஆடினோம்.

எனக்குக் கூட்டாளி ஒருவன். உடையார்பாளையத்துக்காரன். என்னைவிட வயதில் சின்னவன். அவனுடைய லாரி எப்போதும் என் லாரிக்குப் பின்னால் நிற்கும். நிறுத்தியதும் இறங்கி வந்து என் கேபினில் ஏறிக்கொள்வான். வாய் ஓயாது. எனக்குப் பேச்சு வராது. அதனால் ஒத்துப்போனது.

கேம்களை நாங்கள் மூன்றாகப் பிரித்து வைத்திருந்தோம். பேர் வைத்தது அவன்தான். போட்டோ கேம், பொம்மை கேம், கட்ட கேம்.

போட்டோ கேம் நிஜம் போலவே இருக்கும். அதில் ஒரு லாரி ஓட்டும் கேம். மண் ரோடு, டயர் கிளப்பும் தூசி, பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி, கதவில் துரு. மழை பெய்தால் கண்ணாடியில் துளி துளியாக இறங்கும். நான் அதைத்தான் ஆடுவேன்.

பொம்மை கேமில் எல்லாவற்றையும் சுற்றிக் கறுப்புக் கோடு போட்டிருக்கும். உள்ளே கெட்டிக் கலர். மரம் என்றால் ஒரே பச்சை. வானம் என்றால் ஒரே நீலம். அது அவனுக்குப் பிடித்தது.

கட்ட கேம் பழைய மாதிரி. ஆள், மரம், சுவர் எல்லாம் சின்னச் சின்னக் கட்டங்களை அடுக்கிச் செய்தது. மூஞ்சிக்கு நாலு கட்டம், கண்ணுக்கு ஒரு கட்டம். போன் சூடாகிவிட்டால் அதை ஆடுவோம். அதற்குச் சார்ஜ் அதிகம் தேவையில்லை.

எது நல்லது என்று தினமும் சண்டை. மற்ற டிரைவர்களும் சேர்ந்துகொள்வார்கள்.

"நாள் பூரா சுண்ணாம்புத் தூசியத்தான் பாக்குறோம். போன்லயும் தூசியப் பாக்கணுமாண்ணே?" என்பான் அவன்.

"அது நெசமாட்டம் இருக்குடா."

"நெசந்தான் வெளிய இருக்கே. கண்ணாடிய எறக்கிவிட்டுப் பாருங்க, ஓசிதான்."

"உன் பொம்மை கேம்ல சிமெண்டு ஃபேக்டரி இருக்காடா?" என்று ஒருவர் கீழே இருந்து கேட்பார்.

"இருந்தா நான் எதுக்கு மாமா அதுக்குள்ள போறேன்?"

எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குப் போட்டோ கேம் ஏன் பிடித்தது என்று அவனுக்குச் சொல்லவில்லை. அந்த லாரிக்குச் சொந்தக்காரன் நான். நிஜத்தில் ஓட்டியது ஓனர் வண்டி.

ஒரு நாள் மகளின் வைஃபையில் அந்தக் கேம் புதிதாக இறங்கியது. முகப்புப் படம் மாறியிருந்தது. அதற்குப் பிறகுதான் உள்ளேயும் எல்லாம் மாறினது போல இருந்தது. ரோட்டு ஓரத்துக் கம்பங்கள் ரோட்டோடு கலந்து நின்றன. தூரத்து மலை கரைந்திருந்தது. துரு தெரியவில்லை. புகை போட்டு வரைந்தது போல இருந்தது.

எனக்கு அது பிடித்திருந்தது. மார்கழி மாதம் காலையில் கீழப்பழுவூர் ரோட்டில் பனிக்குள் போவது போல இருக்கும். வரைகிறவன் கைதேர்ந்தவன் என்று நினைத்தேன். கூட்டாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பாருடா, பனி போட்டு வரைஞ்சிருக்கான்."

பார்த்தான். "எங்க பனி? எப்பயும் போலத்தான இருக்கு."

"உன் போன்ல பழசு இருக்கும். அதான் உனக்குத் தெரியல."

"உங்க போனத்தானண்ணே பாக்குறேன்."

"சரி, விடு" என்றேன். படம் பார்க்கத் தெரியாதவன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடினால் அடிக்கடி கம்பத்தில் மோதினேன். முன்பு மோதியதில்லை. அவன் பக்கத்தில் இருந்து சொல்வான்.

"ண்ணே, கம்பத்து மேல ஏத்திட்டீங்க."

"கம்பம் எங்கடா இருந்துச்சு?"

"நட்ட எடத்துலதான் இருந்துச்சு."

கேமைக் கஷ்டமாக்கிவிட்டான் என்று அதை மூடி வைத்தேன். பொம்மை கேமுக்கு மாறினேன். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இப்பத்தாண்ணே திருந்துனீங்க" என்று கேபினில் இருந்தே மற்றவர்களுக்குக் கத்திச் சொன்னான்.

அந்தக் கறுப்புக் கோட்டின் அருமை எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆள் எங்கே முடிகிறான், சுவர் எங்கே ஆரம்பிக்கிறது என்று கோடு சொல்லிவிடும். தேட வேண்டாம். வெளியே ரோட்டில் எதற்கும் கோடு கிடையாது. கல் ஏற்றின லாரி, புளியமரம், ஆடு, ஆள் எல்லாம் ஒரே சுண்ணாம்புக் கலர். நான் பழக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்தேன். எந்த வளைவு எங்கே வரும் என்று கைக்குத் தெரியும்.

கொஞ்ச நாளில் பொம்மை கேமிலும் கலர் மங்கியது. நீலமும் பச்சையும் ஒன்று போல ஆகின. கலரைக் குறைத்துவிட்டான் என்று நினைத்தேன். போன் கண்ணாடியைச் சட்டையில் துடைத்தேன். வெளிச்சத்தை முழுசாக ஏற்றி வைத்தேன். கடைசியில் அதையும் விட்டேன். மிச்சம் இருந்தது கட்ட கேம்.

அதில் ஒரு சின்ன ஆள் சுவர் ஏறிப் போவான். கட்டம் கட்டமாக அடுக்கின சுவர். ஒரு மத்தியானம் எடை மேடைக்கு முன்னால் நின்றபோது பார்த்தேன். சுவர் நடுவில் உள்வாங்கி வளைந்திருந்தது. தண்ணீருக்குள் இருக்கிற குச்சி போல.

"செவுத்த வளைச்சு வச்சிருக்கான் பாரு. இது நல்லால்ல" என்றேன்.

கூட்டாளி போனை வாங்கிப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி போனைப் பார்த்தான்.

"வளையலியேண்ணே. நேராத்தான் இருக்கு."

"நடுவுல பாரு."

"நடுவுலதான் பாக்குறேன்."

டேஷ்போர்டில் எடைச் சீட்டு கிடந்தது. அதை எடுத்துச் சீட்டின் ஓரத்தைச் சுவரோடு ஒட்டி வைத்துக் காட்டினான். "பாருங்க. சீட்டும் செவுரும் ஒண்ணா போகுது. சீட்டு நேரு. அப்ப செவுரும் நேரு."

பார்த்தேன். இரண்டும் ஒன்றாகத்தான் போயின. சீட்டும் வளைந்திருந்தது.

நிமிர்ந்து கதவுச் சட்டத்தைப் பார்த்தேன். அதுவும் வளைந்திருந்தது. முன்னால் நின்ற லாரியின் பின்பலகையைப் பார்த்தேன். அதுவும் அப்படித்தான். எவ்வளவு நாளாக அப்படி இருந்ததோ. உலகத்தில் வளைந்தால் பழகிக்கொள்கிறோம் போல. கேமில் வளைந்ததும்தான் குறை சொன்னேன்.

"என்னண்ணே?" என்றான்.

"ஒண்ணும் இல்ல. நேராத்தான் இருக்கு."

எனக்குச் சர்க்கரை இருப்பது முன்பே தெரியும். மாத்திரையும் உண்டு. வண்டியில் சாப்பாட்டுக்கே நேரம் கிடையாது. சர்க்கரை காலைத்தான் தின்னும் என்று கேள்விப்பட்டிருந்தேன். தினமும் காலைப் பார்த்துக்கொள்வேன். புண் இல்லை. அதனால் தைரியமாக இருந்தேன்.

அந்த வாரத்திலேயே இது நடந்தது. சுரங்கத்திலிருந்து லோடு ஏற்றி வந்துகொண்டிருந்தேன். நல்ல வெயில். முன்னால் போன வண்டியின் தூசி இன்னும் அடங்கவில்லை. அதற்குள் ஒரு சிவப்புக் குடம் வந்தது. குடம் மட்டும்தான். ஆள் இல்லை. தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் குடம் தானாக ரோட்டைக் கடந்தது.

கால் பிரேக்கில் போனது. கல் லோடு முன்னால் தள்ளியது. வண்டி நின்றபோது குடம் பம்பருக்குக் கிட்டத்தில் இருந்தது. அப்போதுதான் குடத்துக்குப் பின்னால் ஒரு பொம்பளை தெரிந்தாள். சாம்பல் கலர் சேலை. வயதானவள்.

"ஏய்யா, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்றாள். யாரும் சொல்கிற வார்த்தைதான். சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு போய்விட்டாள். நான் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். கூட்டாளி இறங்கி ஓடி வந்தான். அவனிடம் குடத்தைப் பற்றிச் சொன்னேன். அவனுக்கு வாய் அடைத்தது அன்றைக்குத்தான்.

அடுத்து லாரி நிறுத்தும் இடத்தில் டிரைவர்களுக்குக் கண் முகாம் போட்டார்கள். வருஷா வருஷம் போடுவது. பந்தல் போட்டு, தூரத்தில் ஒரு அட்டை மாட்டியிருப்பார்கள். படிக்காதவர்களுக்கும் தெரிகிற அட்டை. மூன்று கை நீட்டின ஓர் உரு, பெரிதிலிருந்து சிறிதாகிக்கொண்டே போகும். கை மேலேயா, கீழேயா, எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். அதில் தவறினால் வண்டி கொடுக்க மாட்டார்கள்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. முதலில் போகிறவன் வரிசையை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்து மற்றவர்களுக்குச் சொல்லிவிடுவான். பாட்டு மாதிரி ஆகிவிடும். அன்றைக்குக் கூட்டாளி முண்டியடித்து முதலில் போனான். எனக்காகத்தான் போனான்.

வந்து என் காதில் சொன்னான். "நாலாவது வரிண்ணே. மேல, சோத்துக்கை, மேல, கீழ, பீச்சாங்கை. அஞ்சாவது வரி..."

"தெரியும், விடு."

"திருப்பிச் சொல்லுங்க பாப்போம்."

திருப்பிச் சொன்னேன். சரியாகச் சொன்னேன். இன்றைக்கும் மறக்கவில்லை.

என் முறை வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு கண்ணை மூடச் சொன்னார்கள். இரண்டாவது வரிக்குக் கீழே அட்டையில் ஒன்றுமே இல்லை. வெள்ளையாக இருந்தது. நாலாவது வரி என்ன என்று கேட்டார்கள்.

"தெரியலங்க" என்றேன்.

"தெரிஞ்ச வரைக்கும் சொல்லுங்க."

"தெரிஞ்சத சொல்லிட்டேங்க."

வெளியே வந்ததும் கூட்டாளி சட்டையைப் பிடித்துக்கொண்டான். "ஏண்ணே, படிச்சுப் படிச்சு சொன்னேன்ல. அத அப்படியே சொல்றதுக்கு என்ன?"

"அது செவப்புக் கொடம்டா."

"அதுக்கு?"

"எவர்சில்வர் கொடமா இருந்திருந்தா?"

சட்டையை விட்டுவிட்டான்.

சாவியை ஓனர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பஸ்ஸில் வீடு வந்தேன். மனைவி சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்தியைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"திருச்சிக்குப் போவம். பாத்துட்டு வூட்டுக்கு வந்து அழுதுக்கலாம்" என்றாள்.

திருச்சி கண் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்துப் பார்த்தார். பிறகு ஓர் அட்டையைக் கையில் கொடுத்தார். அட்டை முழுக்கக் கட்டம். நடுவில் ஒரு புள்ளி.

"ஒரு கண்ண மூடிக்கிட்டு புள்ளியப் பாருங்க. கோடெல்லாம் நேரா இருக்கா, வளைஞ்சிருக்கா?"

"வளைஞ்சிருக்குங்க. இது எனக்குத் தெரியும்."

"முன்னாடியே இந்த டெஸ்ட் எடுத்திருக்கீங்களா?"

"இல்லங்க. ஆடிருக்கேன்."

அவருக்குப் புரியவில்லை. "ஏன் இவ்வளவு லேட்டா வந்தீங்க?" என்று கேட்டார்.

"படத்த மாத்திட்டாங்கன்னு நெனச்சேங்க."

டாக்டரம்மா மனைவியைப் பார்த்தார். மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரம்மா சொன்னார். விழித்திரையில் நீர் கோத்திருக்கிறது. சின்ன ரத்தக் குழாய்கள் கசிகின்றன. லேசர் வைக்கலாம், ஊசி போடலாம். அது இருப்பதைக் காப்பாற்றப் பார்ப்பது. போனது போனதுதான்.

"லாரி ஓட்டலாமாங்க?"

"இல்லங்க" என்றார். சுற்றி வளைக்காமல் சொன்னது நல்லதாகப் போயிற்று.

லேசர் வைத்தார்கள். கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். பல தடவை போய் வந்தோம். இடது கண்ணில் ஒரு காலையில் கறுப்பு நூல் நூலாக இறங்கியது. பிறகு மை கொட்டினது போல நிறைந்தது. அந்தக் கண் அதோடு சரி. வலது கண்ணில் நடுவில் ஒன்றும் இல்லை. ஓரத்தில் கொஞ்சம். ஆளைப் பார்க்க வேண்டுமென்றால் அவர்களுக்குப் பக்கத்தில் பார்க்க வேண்டும். மகளைப் பார்க்கச் சுவரைப் பார்ப்பேன். கொஞ்ச நேரம் அவள் தோள் தெரியும்.

மனைவி வெங்காய வயலுக்கும், சோளம் உடைக்கவும் போனாள். நான் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். நிற்கிற வேலை பழக்கம்தான். ஆனால் முன்னால் ஒரு வண்டி இருக்கும். அது நகர்ந்தால் நாமும் நகர்வோம். இங்கே நகர ஒன்றும் இல்லை.

மகள் ஒரு கேம் தேடி இறக்கித் தந்தாள்.

"வெறும் கறுப்பு வெள்ளைப்பா. கறுப்புல வெள்ளைக் கோடு மட்டுந்தான். ஆளே ஒரு கோடுதான்."

"எதுக்கு அப்படி வரையறாங்க?"

"அது ஒரு ஸ்டைலு. ஒவ்வொரு கேமுக்கும் ஆளுங்க உக்காந்து யோசிச்சுத்தான் வரையறாங்க. எப்படி இருந்தா நல்லா இருக்கும்னு."

"யாருக்கு?"

"பாக்கறவங்களுக்குப்பா."

அந்தக் கோட்டு ஆள் எனக்குத் தெரிந்தான். கறுப்பில் ஓடினான். குதித்தான். போனைக் கன்னத்துக்குப் பக்கத்தில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஓரக்கண்ணால் ஆடினேன். கலர் இல்லை, தூசி இல்லை, கம்பம் இல்லை. இதையாவது விட்டு வைத்தார்களே என்று இருந்தது. மழைக்காலம் முழுக்க அவன் இருந்தான். பிறகு அவன் காலைக் காணவில்லை. கால் இல்லாமல் ஓடினான். பிறகு கை போயிற்று. பிறகு தலைக் கோடு மட்டும் மின்மினி போல வந்து வந்து போனது.

ஒரு நாள் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இப்ப ஆளு எங்கப்பா இருக்கான்?"

"நடுவுல ஓடிட்டு இருக்கான்."

அவள் போனை மெல்ல வாங்கிக்கொண்டாள். அவன் விழுந்து வெகுநேரமாகிவிட்டதாம். மறுபடி ஆடலாமா என்று கேட்டுக்கொண்டு எழுத்து மட்டும் நின்றதாம். இதை எழுதும்போது அவள் கை நின்றது. எழுது என்றேன்.

கூட்டாளி அவ்வப்போது ஞாயிற்றுக்கிழமை வருவான். போன மாதம் வந்தான். முந்திரிப்பழம் கொண்டுவந்தான். அவன் ஊர்த் தோப்பில் பழுத்தது. கையில் கொடுத்து, "மஞ்சள்ல ரெண்டு, செவப்புல ரெண்டு" என்றான். மோந்து பார்த்தேன். எது மஞ்சள் என்று மூக்குக்குத் தெரியவில்லை.

"லைன்ல எப்படிடா போகுது?"

"உங்க எடத்துல ஒருத்தன் வந்து நிக்கிறாண்ணே. பேச மாட்டேங்குறான்."

"நான் மட்டும் பேசுனனா?"

"நீங்க பேசாதது வேற. இவன் பேசாதது வேற."

சிரித்தோம். எனக்குக் கலர் மறந்துகொண்டிருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. அவனிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"என் போன எடுத்து உன் பொம்மை கேமப் போடு. நீ ஓட்டு. என்னென்ன தெரியுதுன்னு சொல்லிக்கிட்டே ஓட்டு."

போனை எடுத்தான். தேடினான். ரொம்ப நேரம் தேடினான். போனில் இடம் இல்லை என்று மகள் அதை எப்போதோ அழித்திருந்தாள். எனக்கு அது தெரியும். அவனைக் கேட்டபோது மறந்துவிட்டேன். இல்லை என்று சொல்வான் என்று பார்த்தேன்.

"கெடச்சிருச்சுண்ணே" என்றான்.

எஞ்சின் கிளம்பியது. பொம்மை கேமின் எஞ்சின் கொசு மாதிரி கத்தும். இது அது இல்லை. இது கனமான சத்தம். கியர் விழும்போது பல் கடிக்கும். காற்றுப் பிரேக் சீறும். என் போட்டோ கேம். என் லாரி.

"சொல்லு" என்றேன்.

"ரோடு மஞ்சளா இருக்குண்ணே. ரெண்டு பக்கமும் மரம். கரும்பச்சை. கறுப்புக் கோடு சுத்தி."

"ம்."

"ஒரு வூடு வருது. செவப்பு ஓடு. எங்க முந்திரிப்பழம் மாதிரி செவப்பு. வாசல்ல ஒரு பொம்பள நிக்கிது. ஊதாச் சேலை."

டயர் சரளையில் ஏறும் சத்தம் கேட்டது. அந்த இடம் எனக்குத் தெரியும். அங்கே வீடு கிடையாது. மரம் கிடையாது. இரண்டு பக்கமும் வெட்டவெளி. தூசி.

"வானம்?" என்றேன்.

"நீலம்ணே. நல்ல கெட்டி நீலம்."

அவன் ஒழுங்காக ஓட்டினான். கம்பத்தில் மோதவில்லை. எனக்கு அந்த நீலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நினைத்தேன். மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான், இருந்தாலும் மூடினேன். ஆலத்தியூர் வாசலில் வரிசை வந்தது. வெயில் வந்தது. சுண்ணாம்பு வந்தது. நீலம் வரவில்லை.

"தெரியுதாண்ணே?" என்று கேட்டான்.

"தெரியுது" என்றேன். "ஓட்டு."